மாமாவின் பாம் டிஎக்ஸும் மறுபடி ஒரு *99#-உம்

பின்மூடி லேசாக உப்பியிருந்தது. மேஜைமேல் வைத்தால் சமமாக உட்காரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பியது. கும்பகோணத்தில் மாமா வீட்டு பீரோ இழுப்பறையில், பழைய செக் புத்தகங்களுக்கும் ரேஷன் கார்டு உறைக்கும் நடுவில் கிடந்த பாம் டிஎக்ஸ் என்ற கையடக்கக் கணினி அது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, 2006-இல், சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுக் கடை வளாகத்தில் வாங்கினாராம். "ஓடாது மாப்ள. வேணும்னா எடுத்துக்கோ. ஆனா என் பாஸ்போர்ட் நம்பர் அதுலதான் இருக்கு, பார்த்து எழுதிக் குடு" என்றார். அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாகி எத்தனை வருஷம் ஆனது என்று நான் கேட்கவில்லை.

தமிழில் எழுதும்போது இந்தக் கருவியால் ஒரு சங்கடம் உண்டு. உள்ளங்கைக் கணினி என்று பொருள்பட வைத்த பெயர். நம் எழுத்தில் அதுவும் பாம், வெடிகுண்டும் பாம். சென்னைக்குத் திரும்பும் ரயிலில் "பையில மாமாவோட பாம் இருக்கு" என்று போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டு, எதிர் சீட்டுக்காரருக்கு அதை எடுத்துக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. உப்பிய பேட்டரியோடு பயணம் செய்ததை நினைத்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

பார்த்திராதவர்களுக்கு: டிஎக்ஸ் 2005 அக்டோபரில் 299 டாலர் விலையில் வந்தது. 312 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சில்லு, 320-க்கு 480 புள்ளித் திரை, 128 எம்பி நினைவகம், வைஃபை, புளூடூத். சிம் போட இடம் கிடையாது. வெளியே போனால் இணையத்துக்கு ஒரு செல்போனைத்தான் அண்டியிருக்க வேண்டும். மாமாவும் அப்படித்தான் பயன்படுத்தினார்: சட்டைப்பையில் நோக்கியா, கையில் பாம்.

முதல் இரவு சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பாம் என்ற எழுத்து திரையில் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. முதுகில் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசியால் குத்தினால் ரீசெட் ஆகும். மேல்நோக்கிய பொத்தானைப் பிடித்தபடி குத்தினால், பிற்பாடு ஏற்றிய மென்பொருள்கள் எதையும் தொடாமல் எழும். இரண்டும் செய்தேன், இரண்டிலும் அதே சுழற்சி. மூன்றாவது வழி பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு குத்துவது. அது எல்லாவற்றையும் அழித்துவிடும். விரல் அந்தப் பொத்தான் வரை போய்த் திரும்பியது. பாஸ்போர்ட் நம்பர் ஞாபகம் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த மாடலில் நினைவகம் ஃபிளாஷ். 2003-இல் வந்த டங்ஸ்டன் டி3 போன்ற முந்தைய பாம்களில் எல்லாமே ரேமில் இருக்கும். பேட்டரி செத்தால் முகவரிப் புத்தகமும் சேர்ந்து செத்துவிடும். டிஎக்ஸில் பத்து வருஷம் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் எழுதியது எழுதியபடி இருக்க வாய்ப்புண்டு. அதை என் கையால் அழிப்பானேன்?

ஆகவே பேட்டரி. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பினேன். உள்ளே செல், பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் மேடிட்டிருந்தது. மல்டிமீட்டரில் 2.1 வோல்ட். லித்தியம் செல் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கி வருஷக்கணக்கில் கிடந்திருந்தால் அதைச் சார்ஜ் செய்து எழுப்பப் பார்ப்பது வம்பு. முதல் இரவே நான் செய்தது தப்புதான். வீங்கிய பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் கிட்டே கொண்டுபோகாமல், பல் குத்தும் நூலை அடியில் விட்டு இழுத்து, பசையிலிருந்து பிரித்தேன்.

சனிக்கிழமை ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் மாடல் பெயரைக் கேட்டார்கள், எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு சர்வீஸ்காரர்தான் பெயரைக் கேட்காமல் செல்லை வாங்கிப் பார்த்தார். ஸ்கேலை எடுத்தார். உப்பின செல்லை அளந்து பயனில்லை என்று, அது உட்கார்ந்திருந்த குழியை அளந்தார். "சார், பேர் வச்சுத் தேடாதீங்க, சைஸ் வச்சுத் தேடுங்க" என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். இந்தத் தட்டையான செல்களில் ஆறு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 404060 என்றால் தடிமன் 4.0 மில்லிமீட்டர், அகலம் 40, நீளம் 60. இது தெரிந்தால் எந்தப் பழைய கருவிக்கும் மாற்று செல் தேடலாம். குழியைவிடத் தடிமனில் சற்றே குறைந்ததாக ஒன்றை எடுத்தார். செல் வயதானால் கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் விட வேண்டும் என்றார். பழைய பேட்டரியின் வயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கட்டர் வழியே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, முனைக்கு டேப் சுற்றி, பிறகுதான் அடுத்தது. பத்து நிமிஷ வேலை. வாங்கின காசு ஒரு சாப்பாட்டுக் காசு.

கடையிலேயே எழுந்துவிட்டது. ஆனால் திரை வம்பு செய்தது. ஓர் எழுத்தின் மேல் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. வீங்கிய செல் இத்தனை நாள் உள்ளிருந்து திரையை முதுகில் அழுத்தியதால் வந்த கோணல் என்று நினைத்தேன். பாதி சரி. தொடுதிரையை மறுபடி அளவு செய்த பிறகும் வலது ஓரத்தில் மட்டும் தொடாமலே தொட்டதாகப் பதிவானது. அதற்குப் பழைய பாம்காரர்களின் கைவைத்தியம் ஒன்று உண்டு: விசிட்டிங் கார்டை ஒல்லியாக வெட்டி, திரைக்கும் சட்டத்துக்கும் இடையில் விட்டு நாலு பக்கமும் ஓட்டுவது. கறுப்பாக ஒரு திரி வெளியே வந்தது. சிங்கப்பூர் அழுக்கா கும்பகோணத்து அழுக்கா தெரியாது. தொல்லை நின்றது.

மாமாவின் குறிப்புகள் அப்படியே இருந்தன. விமான எண்கள், ரூபாய்க்கு மாற்றின டாலர் கணக்கு, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதிய மளிகைப் பட்டியல்: 'துவரம் பருப்பு இங்க விலை அதிகம், ஊர்லேந்து கொண்டாரணும்.' பாஸ்போர்ட் எண் மட்டும் ரகசியக் குறிப்பு, கடவுச்சொல் கேட்டது. கீழே துப்பு என்று ஒரே சொல், 'வண்டி.' போன் செய்தேன். "எந்த வண்டி? டிவிஎஸ் 50-யா, ஸ்கூட்டரா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டாவது முயற்சியில் டிவிஎஸ் 50 திறந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அதை இணையத்தில் விட்டுப் பார்க்காமல் மனசு ஆறவில்லை.

சுலபமான வழி வைஃபை என்று நினைத்தேன். என் ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் பாம் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. பாமுக்குத் தெரிந்தது 2.4 மட்டும், அதிலும் 802.11பி என்ற ஆதி வகை. மாற்றிக்கொடுத்தேன், தெரிந்தது, இணைய மறுத்தது. போன் பேசுவது டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறை. பாமுக்கு அதற்கு முந்தைய டபிள்யூபிஏ வரைதான் பாடம் ஓடியிருக்கிறது. கடைசியில் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிட்டால் இணைந்தது. இரண்டு நிமிஷத்தில் பக்கத்து வீட்டுப் பையனின் போனும் இணைந்தது. அணைத்துவிட்டேன்.

புளூடூத்தும் இந்தப் புதுப் போனோடு பலிக்கவில்லை. ஜோடி சேரும், ஆனால் பாம் கேட்பது டயல்-அப் நெட்வொர்க்கிங். போனை ஒரு மோடமாக நினைத்து, அதற்கு எண் சுழற்றச் சொல்லும் பழைய முறை. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் புளூடூத் வழியே இணையம் பகிரும் முறை வேறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறுவேறு பாஷை பேசிக்கொண்டிருந்தன.

அலமாரியில் என் பழைய நோக்கியா 3110 கிளாசிக் இருந்தது, 2007-ஆம் வருஷ மாடல். புளூடூத், எட்ஜ் என்ற 2ஜி டேட்டா, மோடம் வேலை எல்லாம் தெரிந்த போன். அதன் பேட்டரி பிஎல்-5சி. இன்றும் பெட்டிக்கடை ரேடியோக்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அதே பேட்டரி. பாமுக்குத் தெருத்தெருவாக அலைந்தவனுக்கு இது முக்குக் கடையில் கிடைத்தது.

சிம் போட்டதும் 'நெட்வொர்க் இல்லை.' அரைமணி நேரம் ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: நான் போட்ட சிம், 2ஜி சேவையே இல்லாத நிறுவனத்துடையது. 4ஜி-யில் பிறந்த நெட்வொர்க்கை 2007-இன் போன் எப்படிக் கேட்கும்? ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் போன்றவற்றில்தான் இன்னும் 2ஜி ஓடுகிறது. வீட்டில் இருந்த வேறொரு நானோ சிம்மை, அதை உடைத்து எடுத்த பிளாஸ்டிக் சட்டத்திலேயே திரும்பப் பொருத்திப் போட்டேன். கோபுரக் கோடுகள் எழுந்தன.

இப்போது பாமில் அமைப்பு. புளூடூத்தில் போனைத் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் 1234 என்று கொடுத்து ஜோடி சேர்த்தேன். நெட்வொர்க் பகுதியில் புதுச் சேவை ஒன்று, இணைப்பு புளூடூத், எண் *99#. இது யாருக்கும் அடிக்கும் எண் கிடையாது. டேட்டா இணைப்பைத் திற என்று போனுக்குத் தரும் சைகை. ஒரு காலத்தில் யூஎஸ்பி டாங்கிள் வைத்திருந்த எல்லோரும் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தோம். பயனர் பெயர் காலி. கடவுச்சொல்லும் காலிதான், ஆனால் அந்தக் கட்டத்தைத் தொட்டு வெறுமையாகவே ஓகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்கும்.

கனெக்ட். டயலிங் என்றது. சைனிங் இன் என்றது. அங்கேயே நின்றது. ஒரு நிமிஷம் கழித்து பிபிபி டைம்அவுட், அதாவது எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஜோடியை அழித்துத் திரும்பச் சேர்த்தேன். மத்தியானம் *99#-ஐ *99*1# என்று மாற்றினேன். மூன்று மணிக்கு சிம்மைத் துடைத்தேன். எதிலும் அசைவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்காமலே எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் ஒன்று ஞாபகம் வந்தது: இணைப்பு நடக்கும்போது கீழ்நோக்கிய பொத்தானை அழுத்தினால், 'சைனிங் இன்' என்ற மூடாக்கை விலக்கி, உள்ளே எந்தக் கட்டம் ஓடுகிறது என்று பாம் காட்டும். காட்டியது. புளூடூத் சரி. போன் மோடமாகப் பதில் சொல்கிறது, சரி. எண் சுழற்றியது, சரி. அதற்கப்புறம் எதிர்முனையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு பாமிலும் இல்லை, புளூடூத்திலும் இல்லை. போன் நெட்வொர்க்கின் வாசல்வரை போய், தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கதவின் பெயர்தான் ஏபிஎன். என் 3110-க்குள் எப்போதோ எஸ்எம்எஸ்ஸாக வந்து பதிந்த அமைப்பு ஒன்று இருந்தது. வேறொரு நிறுவனத்தின், வேப் என்ற பழைய செல்போன் இணையக் காலத்துப் பெயர். அதைத்தான் போன் கொடுத்துக்கொண்டிருந்தது. போனில் போய் மாற்றலாம். ஆனால் பாமிலிருந்தே, ஒவ்வொரு இணைப்பின்போதும், சரியான பெயரைப் போனின் காதில் ஓதவும் வழி இருக்கிறது. இணைப்பின் விவரங்களில் 'இனிஷியலைசேஷன் ஸ்டிரிங்' என்று ஒரு வரி. அங்கே ஏடி+சிஜிடிசிஓஎன்டி=1,"ஐபி","ஏபிஎன் பெயர்" என்று எழுத வேண்டும். இங்கே ஒலிக்கிறபடி தமிழில் தருகிறேன். கருவியில் ஆங்கிலப் பெரிய எழுத்து. ஏர்டெல் என்றால் கடைசி மேற்கோளுக்குள் ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட்.

எழுதுவது சொல்கிற மாதிரி எளிதில்லை. பாமில் எழுத்தாணியால் கோடு இழுத்து எழுதும் கிராஃபிட்டி முறையில் மேற்கோள் குறி போட முயன்றேன். ஒரு தரம் கமா வந்தது, ஒரு தரம் எல் வந்தது. பொறுமை போய்த் திரைவிசைப்பலகையைத் திறந்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஓகே.

டயலிங். சைனிங் இன். எஸ்டாப்ளிஷ்ட்.

அந்த நேரத்தில் மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் டட்-டடட்-டடட் என்று கரகரத்தது. பத்துப் பதினைந்து வருஷமாகக் கேட்காத சத்தம். 2ஜி போன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்புகிறது. அதை ஸ்பீக்கர் வயர் பிடித்துப் பாடும். முன்பெல்லாம் போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் டிவி இப்படிக் கரகரக்கும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கை தானாகப் பைக்குள் போகும். சமையலறையிலிருந்து "என்ன சத்தம் அது?" என்று குரல் வந்தது. நெட் கனெக்ட் ஆச்சு என்றேன்.

ஒரு சின்ன விஷயம், பின்னால் தேடுகிறவர்களுக்காக: போனில் ஜோடிக் கருவிகள் பட்டியலுக்குப் போய், பாமுக்கு 'கேட்காமல் இணை' என்று அனுமதி கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் போன் திரையில் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும். அது சட்டைப்பைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும், இங்கே பாம் டைம்அவுட் ஆகும்.

இணைந்தாகிவிட்டது. ஆனால் பார்க்க எதுவும் இல்லை. டிஎக்ஸில் உள்ள உலாவியின் பெயர் பிளேசர். எந்தத் தளத்தை அடித்தாலும் பாதுகாப்பான இணைப்பு ஏற்படவில்லை என்றது. பேட்டரி கழற்றினதில் கருவியின் தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போயிருந்தது. இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காத காலம். முதலில் அதைச் சரிசெய்தேன். (இந்தக் கருவியின் நாட்காட்டி 2031-உடன் முடிகிறது. வருஷத்தை 1904-இலிருந்து எண்ணி ஏழு பிட்டில் அடைத்திருக்கிறார்கள். 127-ஐத் தாண்டி எண்ண இடமில்லை.) தேதி சரியான பிறகும் அதே பதில். இன்றைய தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பூட்டுப் போடும் டிஎல்எஸ் முறையில் 1.2-க்குக் குறைந்து பேசுவதில்லை, பழைய 1.0, 1.1 இரண்டையும் 2021-இல் முறைப்படியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிளேசர் அதற்கும் முந்தின ஆள்.

வெறும் எச்டிடிபி-யில் ஓடும் நெவர்எஸ்எஸ்எல்.காம் திறந்தது. இணைப்பு உண்மைதான் என்று தெரிந்தது. பழைய கணினிகளுக்கென்றே பக்கங்களைச் சுரண்டி வெறும் எழுத்தாக்கித் தரும் ஃப்ராக்ஃபைண்ட் தளமும் திறந்தது. ஆங்கிலம் படிக்கலாம். தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கேட்டேன். கட்டங்களும் கேள்விக்குறிகளும்.

காரணம் எளிது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடே பாம் ஓஎஸ்ஸுக்குத் தெரியாது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற உலகம் அது. சோதனைக்காக ஒரு தமிழ்க் கோப்பைக் குறிப்பாக ஏற்றிப் பார்த்தேன். யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். இரண்டாவதில் இரண்டே வகை. அதைத் தனித்தனி எழுத்தாக வாசித்தால் தலையில் கொம்பு வைத்த ஒரு சின்ன 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட டிரேட்மார்க் குறி, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி கொம்பு ஏ, மறுபடி டிரேட்மார்க். பக்கம் முழுக்க இப்படியே. தமிழ் முழுவதையும் யாரோ பதிவு செய்து உரிமை வாங்கிவிட்டது போலிருந்தது. திஸ்கி, தாப் என்று ஒரு பைட் தமிழ்க் குறியீடுகள் ஆண்ட காலத்தில் எழுத்துருவை மாற்றிப்போட்டுச் சமாளித்திருக்கலாம். இன்றைக்கு எந்தத் தளம் திஸ்கியில் இருக்கிறது?

3110-ஐக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தபோது பதில் அந்தப் போனுக்குள்ளேயே இருந்தது. 2010 வாக்கில் இதே போனில், பேருந்தில் நின்றபடி, தமிழ்ப் பதிவுகள் படித்தவன் நான். போனில் தமிழ் எழுத்துரு இல்லாமலே! ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் 'சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப்' என்ற வரியில் 'ஆம்' கொடுத்தால் போதும். எழுத்துகளை ஓபராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். அந்த வரியை எத்தனை பேருக்கு நான் போனை வாங்கி மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அதையே இங்கேயும் செய்தால் என்ன? பாமுக்குத் தமிழ் தெரிய வேண்டாம், டிஎல்எஸ் தெரிய வேண்டாம். படம் காட்டத் தெரிந்தால் சரி.

டபிள்யூஆர்பி என்று இதற்கான ஆயத்த மென்பொருளே உண்டு. பக்கத்தைச் சர்வரில் குரோம் திறந்து, படமாக்கித் தரும். எனக்குக் கட்டுரை படித்தால் போதும் என்பதால் நானே பைத்தானில் சின்னதாக எழுதினேன். முதல் முயற்சியில் உரையை மட்டும் உருவி, படம் வரையும் பில்லோ நூலகத்தால் படத்தில் எழுதினேன். தமிழ் வந்தது. ஆனால் 'கொடி' என்பதில் கொம்பு 'க'-வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கெ', 'கே' எல்லாமே ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சேமித்த வரிசையிலேயே விழுந்திருந்தன. எழுத்தை இடம் மாற்றிக் கோக்கும் ராக்ம் என்ற துணை நூலகம் என் கணினியில் இல்லை. அதை நிறுவுவதற்குப் பதில் குரோமையே திரையில்லாமல் ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கொம்பு தானாக இடத்துக்கு வந்தது.

அளவுகளோடு ஒரு நாள் மல்லுக்கட்டினேன். அகலம் 320 கொடுத்தால் பிளேசரின் நகர்பட்டை ஓரத்து எழுத்தைத் தின்றது. 300 சரியாக அமைந்தது. முழுக் கட்டுரையையும் ஒரே நீளப் படமாக அனுப்பினால் பிளேசர் மூச்சுத் திணறி வெள்ளைப் பக்கம் காட்டியது. 400 புள்ளி உயரத் துண்டுகளாக நறுக்கினேன். வரிக்கு நடுவே வெட்டு விழாமல், வெள்ளை இடைவெளி பார்த்து வெட்டும்படி ஒரு சோதனையும் சேர்த்தேன். எழுத்து 14 புள்ளியில் 'ண'-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு 'ன' போலத் தெரிந்தன, 18-இல் பிரிந்தன. கறுப்பு-வெள்ளை மட்டும் என்றால் வளைவுகள் ரம்பப் பல்லாக இருந்தன. நாலே நாலு சாம்பல் படிகள் கொடுத்ததும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கண்ணுக்கு இதமாக வந்தது. துண்டு ஒன்று பத்து கேபி சுற்றி.

இதை வீட்டு லேப்டாப்பில் ஓட்டினால் வெளியிலிருந்து எட்ட முடியாது, பிராட்பேண்டில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதால். மாச வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன கிளவுட் சர்வரில் வைத்தேன். நடுவில் பூட்டே இல்லாத எச்டிடிபி என்பதால் இதில் கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளத்துக்கும் போவதில்லை. படிப்பதற்கு மட்டும். வேலை முடிந்ததும் சர்வரில் அந்த நிரலையும் நிறுத்திவிடுகிறேன்.

இந்தப் போனில் எட்ஜின் ஏட்டு வேகம் 236.8 கேபிபிஎஸ். எனக்கு அதில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. கோபுரத்தில் பேச்சுக்கே முதல் மரியாதை, மிச்சம்தான் டேட்டாவுக்கு. ஒரு துண்டு வர மூன்று நாலு விநாடி. ஒரு துண்டைப் படிக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது என்பதால் காத்திருப்பதாகத் தோன்றவில்லை.

நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் காவிரி பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை இப்படித் திறந்தேன். குடகில் தொடங்கி, நாலாவது துண்டில் கல்லணை வந்தது. ஐந்தாவது துண்டு மேலிருந்து வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தபோது நடுவில் நின்றுவிட்டது. பாமைப் பார்த்தேன், இணைப்பு இருக்கிறது என்றது. ஸ்பீக்கர் இல்லாத இடம், கரகரப்பும் கேட்கவில்லை. சட்டைப்பைக்குள் 3110 அதிரத் தொடங்கியது. இந்த வகைப் போன்களில் பேச்சும் டேட்டாவும் ஒரே நேரத்தில் ஓடாது. அழைப்பு வந்தால் டேட்டா ஒதுங்கி நிற்கும்.

மாமா. சோதனைக்காக இந்த எண்ணிலிருந்து ஒருமுறை அவரைக் கூப்பிட்டிருந்தேன், பதிந்து வைத்திருக்கிறார்.

"என்ன மாப்ள, என் பாம் ஓடுதா?"

"ஓடுது மாமா. கல்லணை வரைக்கும் வந்துட்டேன். நீங்க கூப்பிட்டீங்க, நின்னுடுச்சு."

"அப்போ வெச்சுடறேன், நீ பாரு" என்றவர் வைக்கவில்லை. அந்தக் குறிப்புகளில் தஞ்சாவூர் டாக்டர் ஒருவரின் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அப்புறம் துவரம் பருப்பு விலை. ஏழு நிமிஷம் ஆனது. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாமைப் பார்த்தால், திரை மங்கியிருந்தது. தொட்டேன். இரண்டு விநாடி எதுவும் இல்லை. பிறகு ஐந்தாவது துண்டின் மீதிப் பாதி இறங்க ஆரம்பித்தது.